வாசல்வரை வந்தவர்

எங்களூரில் குடிக்கிறவனுக்கு வெட்கமில்லை. குடியை விடப்போகிறவனுக்குத்தான் வெட்கம். என் கணவர் சாரம் அவிழ்ந்தது தெரியாமல் மாதா கோயில் வீதியில் கிடந்த நாட்கள் உண்டு. ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. தூக்கிவந்து முற்றத்தில் போட்டுவிட்டு, "அக்கா, இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். கடலுக்குப் போகிற ஆம்பிளை உடம்பு நோவுக்குக் குடிக்கிறான் என்பார் என் மாமியார். அந்த மனிசியோடு வாய் கொடுத்தே என் தொண்டை வற்றிப்போனது.

ஈரல் பழுதாகிவிட்டது, இனித் தொட்டால் ஆள் மிஞ்சாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த தாதி ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். குடியை விட நினைக்கிறவர்கள் சேர்ந்திருந்து கதைக்கிற கூட்டம் ஒன்று சனிக்கிழமைகளில் நடக்கிறதாம். எங்கள் தீவிலிருந்து பாலம் கடந்து, பாப்பாமோட்டைப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில். "மருந்து, ஊசி ஒண்டும் இல்லை அக்கா. கதைதான்" என்றாள். கதைத்தால் குடி நிற்குமென்றால் என் வாய்க்கு அது எப்பவோ நின்றிருக்க வேணும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"எனக்கென்ன விசரோ? சனத்துக்கு முன்னாலை போய் நான் குடிகாரன் எண்டு சொல்லவோ?"

"சனத்துக்குத் தெரியாததோ? ஊர் நாய்க்கும் தெரியும்" என்றேன்.

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முகம் வழித்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு அலுவல்" என்றார். இருட்டின பிறகு தள்ளாடிக்கொண்டு வந்தார். நான் ஏசின ஏச்சில் அயலட்டை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "சேட்டும் போட்டுக்கொண்டு குடிக்கப் போனீங்களோ? கலியாண வீடோ அங்கை?" அவர் சேட்டைக் கழற்றி, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கூட்டத்தைப் பார்க்க நானே போனேன். ஆரோ சொந்தக்காரிக்குச் சுகமில்லை என்று மாமியாருக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று சீலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஐயோ மாதாவே, முன்கதிரையில் எங்கள் கோயில் மூப்பர், சுவாமியாருக்கு அடுத்தபடி ஊர் மதிக்கிற ஆள்! அவருக்குப் பக்கத்தில் என் கணவர் போகிற வள்ளத்தின் சொந்தக்காரர். பின்னுக்கும் எங்களூர் முகங்கள்தான். பாலம் கடந்தால் ஒருவரும் அறியமாட்டார்கள் என்று எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அத்தனை பேரும் தலையைக் குனிந்தார்கள். அந்தப் பக்கத்துச் சனம் இதேமாதிரி எங்கள் தீவுக்குள் நடக்கிற கூட்டத்துக்கு வருகிறதாம். பிறகுதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கலியாண வீடுகளில் மூப்பர் கிளாசைத் தள்ளிவைத்தால், அவருக்குச் சீனி வருத்தம் என்றுதான் ஊர் நம்பியிருந்தது. அவர் எழும்பி வெளியே வந்தார்.

"பிள்ளை, போன கிழமை அவன் வந்தவன்."

"ஆர், இவரோ?"

"ஓம். வாசல்வரைக்கும் வந்தவன். உள்ளுக்கு எங்களைப் பாத்திட்டுத் திரும்பிப் போட்டான். நாங்கள் கண்டது அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டா வெட்கப்படுவான், அடுத்த கிழமை தானா வருவான் எண்டு நான் சும்மா இருந்திட்டன்."

எனக்கு அந்த வெள்ளைச் சேட்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட விறாந்தையிலேயே குந்தி அழுதேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ? ஒன்றும் சொல்லாமல் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றாரே.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, வாற கிழமை ரெண்டு பேரும் போவம். மூப்பரும் அங்கைதான் இருக்கிறார்."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அப்ப, அவையள் என்னைக் கண்டவையோ?"

"கண்டால் என்ன? அவையளும் அதுக்குத்தானே வந்தவை."

"ஒருத்தரும் காணேல்லை எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். அடுத்த சனிக்கிழமை கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், காலில் விழுந்தும் பார்த்தேன். வரவில்லை. வள்ளத்துக்குப் போவதை விட்டார், பூசைக்குப் போவதை விட்டார். குடியை மட்டும் விடவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் இரத்தம் இரத்தமாகச் சத்தியெடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியிலேயே போய்விட்டார்.

பெட்டி மூடுகிற நேரம் மூப்பர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கக் குழறி அழுதார்: "நானும் குடிகாரன்தானடா தம்பி! உள்ளுக்கு வந்திருக்கலாமேயடா!"

எனக்கு எங்கிருந்து அந்த ஆவேசம் வந்ததோ தெரியாது. எழும்பி மூப்பரின் சேட்டைப் பிடித்து உலுக்கினேன். "இப்பச் சொல்லி என்ன மூப்பர்? அந்தச் சனிக்கிழமை எழும்பி வந்து அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே!"