ஒரிஜினல் மை

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியைக்குத் தேர்தல் வந்தால் ட்யூட்டி, ட்யூட்டி வந்தால் தபால் ஓட்டு. கவருக்குள் கவர், அதற்கொரு உறுதிமொழி, அதில் ஓர் அதிகாரியின் கையெழுத்து. எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்துவிட்டு, எண்ணினார்களா, செல்லாது என்று தூக்கிப் போட்டார்களா என்று தெரியாமலே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரோ ஒவ்வொரு தேர்தலுக்கும் மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு வீடெல்லாம் உலாத்துவார். காபி டம்ளரைக்கூட அந்த விரல் தெரிகிற மாதிரிதான் பிடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்தத் தேர்தலில் எங்கள் பருத்திப்பட்டு பூத்துக்குப் போய், எல்லாரையும் போல நின்று, மை வாங்கி, பட்டனை அழுத்திவிட்டு வருவது என்று இருந்தேன். அதற்கென்று ஒரு புடவைகூட இஸ்திரி போட்டு வைத்தேன். சிரிக்காதீர்கள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் போன் வந்தது. சில வெளிநாடுகளிலிருந்து தேர்தல் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். ஓட்டுப்பதிவையும் எண்ணிக்கையையும் நாம் எப்படி நடத்துகிறோம் என்று அவர்களுக்குப் பயிற்சி. நான் பல வருஷம் தேர்தல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். அப்படிப் பழைய பயிற்சியாளர் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கம், மதியம் சாப்பாடு உண்டு. கிளம்பிவிட்டேன்.

காலையில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தோம். மதியம் ஒத்திகை. அரங்கத்திலேயே ஒரு சாவடி போட்டு, வந்தவர்களை அலுவலர்களாக உட்கார வைத்தோம். நாங்கள் வாக்காளர்கள். எனக்குத் தகராறு பண்ணும் வாக்காளர் வேஷம். யாரும் கொடுக்கவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பண்ணிய தகராறைச் சமாளித்தவளுக்கு ஒரு நாளாவது பண்ணிப் பார்க்க ஆசை இருக்காதா?

விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனேன். எண்ணெய் இருந்தால் மை ஒட்டாது. துடைத்துவிட்டு மறுபடி வரலாம். கள்ள ஓட்டுக்காரர்களின் பழைய வித்தை. மை வைக்கும் இடத்தில் ஒரு தீவு நாட்டிலிருந்து வந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் விரலைப் பிடித்தார், மோந்து பார்த்தார், துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். பிறகு நகத்திலிருந்து முதல் கணுவரை தாராளமாக ஒரு கோடு இழுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

டீ குடிக்கும்போது பார்த்தால் கோடு கறுத்துக்கொண்டே வருகிறது. பயிற்சியில் எப்போதும் பேனா மைதான் வைப்போம். ஏற்பாடுகளைக் கவனித்த சக பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"ஃபாரின்லேர்ந்து வந்திருக்காங்க, நம்ம மானம் போகக் கூடாதில்ல? ஒரிஜினல் பாட்டிலே வாங்கி வெச்சிட்டேன் மேடம்!" என்றார், நான் பாராட்டப் போகிறேன் என்கிற முகத்தோடு.

இடது ஆள்காட்டி விரலில் ஏற்கெனவே மை இருந்தால் ஓட்டுப் போட விடக் கூடாது. இதை எத்தனை அரங்கங்களில், எத்தனை பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருப்பேன்!

அன்று ராத்திரியே பப்பாளிப் பால், எலுமிச்சை, நெயில் பாலிஷ் ரிமூவர் என்று ஆரம்பித்தேன். மையை அழிக்க முயன்றாலும் ஓட்டு கிடையாது என்பது அதே விதியில் இருக்கிறது. தெரிந்தேதான் தேய்த்தேன். தோல் வழன்றதே தவிர, மை அசையவில்லை. வீட்டுக்காரர், "எனக்கு முன்னாடியே போட்டுட்ட போல," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இது பயிற்சியில் வைத்த மை என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று பயிற்சி நடத்திய அதிகாரியைக் கேட்டேன். "லெட்டரா? நாளைக்கு டிவியில அதத்தான் மேடம் போடுவாங்க," என்று போனை வைத்துவிட்டார்.

இருந்தாலும் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் பூத்தை ‘மாதிரி வாக்குச்சாவடி’ ஆக்கி, பலூன் தோரணமெல்லாம் கட்டியிருந்தார்கள். முதல் அலுவலர் என் பெயரைப் படித்தார். இரண்டாமவர் விரலைப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார்.

பக்கத்தில் இருந்த கட்சி ஏஜென்ட், எங்கள் தெருக்காரர், எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், வேற எங்கியோ ஒரு ரவுண்டு போட்டுகினு வந்துட்டீங்களா?"

சாவடித் தலைமை அலுவலர் எழுந்து வந்தார். புதியவர், சட்டை முழுக்க வேர்வை. பயிற்சியில் வைத்த மை என்று விளக்கினேன். பட்டியலில் என் பெயருக்கு நேரே யாரும் போடவில்லை, பாருங்கள் என்றேன்.

ஏஜென்ட்டும் எனக்குப் பரிந்து வந்தார். "சார், இவங்க ஊருக்கே ட்ரெய்னிங் குடுத்தவங்க சார்!"

"அப்ப மேடத்துக்கே தெரியுமே," என்றார் அலுவலர். வேர்வையைத் துடைத்துக்கொண்டார், ஆனால் வழியை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஓட்டுப்பதிவைப் பார்வையிட வெளிநாட்டு விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் அதே அம்மாள். எனக்கு உயிர் வந்தது. "இவங்கதான் வெச்சாங்க! இவங்களையே கேளுங்க!" என்றேன்.

அந்த அம்மாள் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பார்வையாளர் பூத்துக்குள் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது, யார் கேட்டாலும் பேசக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நல்ல மாணவி. பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். இந்த வயதில் ஒரு ஓட்டுக்காக அழுவோமா என்று நினைத்தேன், அழுதேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு சொன்னார்: "எங்கள் நாட்டில் இது நடந்திருந்தால், நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், உங்களை உள்ளே விட்டிருப்பேன். அடுத்து வருகிறவரையும், அதற்கடுத்தவரையும் விட வேண்டியிருக்கும். அப்படி விடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்."

திரும்பப் போய் அந்த அலுவலரிடம், சரியாகத்தான் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று தோன்றியது. போகவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.