பெரிய வெள்ளியில் இரண்டு முட்டை

முதலில் செருப்பு இறுகியது. பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் நான். காலையில் போட்ட செருப்பு மதியம் கடித்தது. காலை அழுத்தினால் குழி விழுந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிரியாட்டினின் (ரத்தத்தில் தேங்கும் கழிவு) எகிறியிருந்தது. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டரம்மா. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்வது). அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியாக இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைப்பது) வைத்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. மூட்டைத் தொழில் அன்றோடு போனது. இப்போது ஒரு கடையில் எடை பார்க்கிறேன்.

இந்த நோய் வந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது. பட்டதைச் சொல்கிறேன்.

மிஷினை விடக் கஷ்டம் தண்ணீர். எனக்குச் சொன்ன அளவு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம் எல்லாம் அதற்குள்தான். தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு தின்ன வேண்டும். மிஷின் சத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

லெந்து வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். அந்த நாற்பது நாளும் எங்கள் சபையில் கறி, முட்டை தொடமாட்டோம். நானும் முட்டையை நிறுத்தினேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். கமிட்டியில் இருக்கும் செல்வராஜ் அண்ணன்தான் ஊற்றினார்.

"எனக்குத் தண்ணி ஆகாதுண்ணே."

"இது தண்ணியாடா? கர்த்தருக்காகக் குடிக்கிற கஞ்சி. ஒன்னும் செய்யாது, பிடி."

எனக்குப் பின்னால் வரிசை. கரண்டி என் டம்ளருக்கு மேலே நின்றது. மூன்று டம்ளர் குடித்தேன், ஊறுகாயோடு.

மறுநாள் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, அவசரமாக மிஷினில் போட்டார்கள். என் மனைவி ரெஜினா தலைமாட்டில் நின்றாள். அழவில்லை.

"யாருக்காகக் குடிச்சீக?"

"சாமிக்குத்தான்."

"சாமி கேட்டாரா?"

மூக்கில் குழாயோடு யோசித்தேன். குடிக்கும்போது கர்த்தர் என் நினைப்பிலேயே இல்லை. செல்வராஜ் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். அன்று நான் கீழ்ப்படிந்தது கரண்டிக்கு.

அதற்குப் பிறகு என் விரதம் வேறு. சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டும். வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். சொம்பைப் பார்ப்பேன். எடுக்கமாட்டேன். உயிரைக் கொடுத்தவர் அதைக் காக்கச் சொல்கிறார். காக்கிறேன். யாரும் மெச்ச வேண்டாம்.

அடுத்த பெரிய வெள்ளி. டிபன் பாக்ஸில் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு கொண்டுபோனேன். ஆராதனை முடிந்ததும், "வீட்டுல போயித் தின்னுக்கலாம்" என்றாள் ரெஜினா.

"இங்கதான்" என்றேன். கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்தேன்.

"என்ன மாப்ள, முட்டை மட்டும் வந்திருக்கு? கோழி எங்க?" என்றார் வரிசையில் ஒருவர். சிரித்தார்கள்.

செல்வராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. "டாக்டர் சொன்னா ஆச்சா? கர்த்தருக்குக் கீழ்ப்படிய வேணாமா?"

"கீழ்ப்படிஞ்சுதான்ணே திங்கிறேன்."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். உப்பில்லை. தொண்டையில் ஒட்டியது. தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

"நகரு, வரிசை நிக்குது" என்றார்.

நகர்ந்தேன். இரண்டையும் தின்று முடித்துவிட்டுத்தான்.

உங்களிடமும் யாராவது கரண்டியோடு வருவார்கள். சொந்தக்காரராக இருக்கலாம். நல்லவராகக்கூட இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முன்பு எனக்கு வாரத்துக்கு ஏழு நாள். இப்போது மிஷினுக்குப் போகும் திங்களும் வியாழனும்தான். மற்றவை நடுவில் கிடக்கின்றன. மூட்டை தூக்கிய கை இப்போது உள்ளுக்குள் இரைகிறது. ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடும் சத்தம். அந்தச் சத்தம் நின்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையில் ஜெபத்துக்கு முன்னால் கையைக் காதில் வைத்துப் பார்க்கிறேன்.

இரைகிறது. சரி, இன்றைக்கு முக்கால் லிட்டர்.