மஞ்சள் வெச்ச கோட்டு

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும்னு எங்க குப்பத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா அன்னிக்குக் காலையில கோவமும் சிரிப்பும் ஒண்ணா வந்து தொலைச்சுது. ரெண்டும் சேந்து வந்தா மனுஷி எதத்தான் அடக்குவா?

கடலூர் பழைய டவுனு ஓ.டி.யத் தாண்டி இருக்கற எங்க குப்பத்துல, வலை வைக்கிற ஷெட்டுல நாங்க கொஞ்சம் பொம்பளைங்க தையல் மிஷின் போட்டிருந்தோம். கடல்ல மெதக்குற பிளாஸ்டிக் பாட்டிலு, கிழிஞ்ச நைலான் வலை, எல்லாத்தையும் வெளியூர் ஆளுங்க வந்து எடை போட்டு வாங்கிட்டுப் போவாங்க. அது எங்கியோ உருகி, நூலாகி, துணியா எங்ககிட்டயே திரும்பி வரும். நாங்க அதுல வேலை செய்யறவங்க போடுற கோட்டு தைப்போம். கருநீலம், முன்னாடி பெரிய பாக்கெட்டு, முதுகுல பளபளன்னு ஒரு பட்டை. மொதல் துணி வந்த அன்னிக்கு நாங்க பண்ண அலப்பறை கொஞ்சநஞ்சம் இல்ல. ஆளாளுக்குச் சுத்திக்கிட்டு ராணி மாதிரி நடந்தோம். மீன் வாடை அடிக்குதான்னு ஒருத்திய ஒருத்தி மோந்து பாத்தோம். அடிக்கல. அதுல எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான்.

என் மாமனாருக்கு மட்டும் இது ஒத்துக்கல. ஷெட்டு வலைக்குக் கட்டுனது, தையலுக்கு இல்லன்னு தெனமும் ஒரு தடவ சொல்லுவாரு. அவரோட கிழிஞ்ச வலையும் அந்தத் துணியில சேந்திருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாரு. ஆனா யாரும் பாக்காதப்ப வந்து துணிய ரெண்டு விரலால தேச்சுப் பாப்பாரு, நான் பாத்திருக்கேன். கடைசியில ஊரு கூடி ஒரு முடிவு சொல்லிட்டாங்க. மொத ஆர்டரு கெடைச்சா ஷெட்டு எங்களுக்கு. இல்லன்னா மிஷினத் தூக்கிட்டு எடத்தக் காலி பண்ணிடணும்.

அந்த ஆர்டருக்குத்தான் சிதம்பரம் போறதா இருந்தோம். அண்ணாமலை நகர்ல காலேஜ் பசங்க தங்குற லாட்ஜுங்களுக்குத் துப்புரவு ஆளுங்கள அனுப்புற ஒரு காண்ட்ராக்டர் மேடம், சாம்பிளுக்குக் கொஞ்சம் கோட்டு எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க. மொத நாளே அயர்ன் பண்ணி மடிச்சு ஒரு பையில போட்டு ஷெட்டுல வெச்சாச்சு. காலையில போய்ப் பாத்தா பை காலி.

வெளிய ஓடியாந்தேன். என் மாமனாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில நிக்கிறாரு. ஒவ்வொரு கோட்டா அலையில முக்கி எடுத்துத் தோள்ல போட்டுக்கிறாரு. கரையில கற்பூரம் எரியுது. காலருக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கு.

எங்க ஆளுங்க புது வலைய அப்படியே கடல்ல எறக்க மாட்டாங்க. மொதத் தடவையே மீன் நெறையணும்னு மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, ஒரு முக்கு முக்கித்தான் படகுல ஏத்துவாங்க. அந்த மரியாதைய என் கோட்டுங்களுக்குப் பண்ணிட்டிருந்தாரு மனுஷன்.

மாமா, என்னா மாமா இதுன்னு கத்துனேன். "நீதானம்மா இது வலைன்னு சொன்ன"ன்னாரு, ரொம்ப சாதாரணமா. ஷெட்டு எங்க கைய விட்டுப் போவணும்னு வேணும்னேதான் பண்றாருன்னு எனக்கு உள்ள கொதிச்சுது. கோட்டுங்கள வெடுக்குன்னு புடுங்குனேன். துணி வெட்டுற அக்கா ஒருத்தி எங்கூட வரதா இருந்தா, அவ மணல்ல உக்காந்து வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறா. அவளப் பாத்து எனக்கும் பொத்துக்கிட்டு வந்துச்சு.

குழாயடியில போட்டு அலசுனோம். உப்பு போச்சு, குங்குமம் போச்சு. காலருக்கு உள்பக்கம் அப்புன மஞ்சள் மட்டும் சோப்புக்கும் அசையல. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஈரத்தோட கெளம்பிட்டோம்.

பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்தவங்ககிட்டல்லாம் கெஞ்சி, ஆளுக்கொரு கோட்டக் கையில குடுத்து வெளிய புடிக்கச் சொன்னோம். காத்துல கையெல்லாம் ஆட்டிக்கிட்டு கோட்டுங்க பறக்குது. எதிர்ல வர லாரிக்காரரு யாரோ டாட்டா காட்டுறாங்கன்னு திரும்பி ஹாரன் அடிக்கிறாரு. கண்டக்டரு வந்து, இது பஸ்ஸா இல்ல துணி காயப்போடற கொடியான்னு கேட்டுட்டு, அவரே ஒண்ண வாங்கிப் படிக்கட்டுல நின்னு புடிச்சாரு. எனக்குச் சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. சிப்காட் கம்பெனிங்க வந்தப்பதான் சிரிப்பு அடங்குச்சு. ஆர்டரு இல்லன்னா நான் பழையபடி பேக்கிங் வேலைக்கு அங்கதான் வந்து நிக்கணும். குடிகாடு தாண்டற வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

சிதம்பரம் வரதுக்குள்ள கோட்டுங்க காஞ்சே போச்சு. அந்தத் துணியோட கொணம் அது.

ஒரு லாட்ஜு வாசல்லதான் மேடம் எங்களப் பாத்தாங்க, நல்ல மாதிரி. தையல இழுத்துப் பாத்தாங்க, பாக்கெட்டுல கைய வுட்டுப் பாத்தாங்க, சரின்னு தலையாட்டுனாங்க. அப்புறம் போடப் போறவங்களே சொல்லட்டும்னு வேலை செய்யற பொம்பளைங்களக் கூப்புட்டாங்க. அதுல வயசான ஒரு அக்கா கோட்டக் கையில வாங்கி, நேரா காலரத் திருப்பிப் பாத்துச்சு.

இது மஞ்சளான்னு கேட்டுச்சு. பொய் சொல்ல வாய் வரல. எங்க மாமனாரு வேலைன்னு எல்லாத்தையும் சொல்லி, தொவைச்சா போயிடும்னு மென்னு முழுங்குனேன். அந்த அக்கா கோட்ட எடுத்து மாட்டிக்கிச்சு. லாட்ஜு கண்ணாடி ஜன்னல்ல முன்னப் பின்னத் திரும்பிப் பாத்துக்கிச்சு.

"எத்தினியோ யூனிபாரம் குடுத்திருக்காங்கம்மா. மஞ்ச வெச்சு யாரும் குடுத்ததில்ல."

அவ்ளோதான். மத்தவங்கல்லாம் பாஞ்சு வந்து அவங்கவங்க காலரத் திருப்பிப் பாக்குறாங்க. ஒருத்தவங்க கோட்டுல மட்டும் நாங்க தேச்ச தேப்புல மஞ்சள் மங்கிப் போயிருந்துச்சு. அவுங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டாங்க. கடைசியில மேடமே மெஸ்ஸுல இருந்து மஞ்சத்தூள் வாங்கியாரச் சொல்லி, தண்ணியில கொழைச்சு, அந்தக் காலருல வெச்சு வுட்டாங்க. ஆர்டரு ஒங்களுக்குத்தான், ஆனா எல்லாம் மஞ்சளோடதான் வரணும்னு சொன்னாங்க. அந்த அக்காவக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். சந்தோஷத்துல எனக்குத் தரையில கால் நிக்கல.

திரும்பி வந்தப்ப மாமனாரு ஷெட்டு வாசல்லயே உக்காந்திருந்தாரு. காலையில இருந்து சாப்புடலன்னு மாமியார் சொன்னாங்க. அவரு எதிர்லயே மண்ணுல உக்காந்து, பஸ்ஸுல இருந்து மெஸ்ஸு மஞ்சத்தூள் வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். அந்த அக்கா சொன்னதையும் சொன்னேன். புதுத் துணிக்கு வெக்கிற மாதிரி வெச்சீங்கன்னு அவுங்களுக்கு ஒரே சந்தோஷம் மாமான்னேன்.

அவரு வேட்டிய ஒதறிக்கிட்டு சாப்புட எந்திரிச்சாரு.

"துணின்னு வெக்கலம்மா. வலைன்னுதான் வெச்சேன். நீ வெறுங்கையோட திரும்பக் கூடாதுல்ல"ன்னாரு.