கல்யாணச் சாவு என்று சொன்னவர்களுக்கு

டாக்டர் விசாலம் காலமான செய்தியை அவருடைய தம்பி மகன் ரகு நேரில் வந்து சொன்னான். ஏதோ நல்ல காரியம் முடிந்ததுபோல நிறைவாகச் சொன்னான். "வயசாயிடுத்து மாமா. ஜுரம்கூட இல்லை. அத்தை தூங்கிண்டே போயிட்டா." அடையாறில் அவர் வீட்டு வாசலிலும் இதே பேச்சு. கல்யாணச் சாவாம். மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் அவரும் நானும் ஒரே கட்டடத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தோம். அங்கே வந்துபோன உங்களுக்கு அவர் கோபம் தெரியும். 'வயசாச்சு' என்று சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் அவர் அறையைவிட்டு வந்ததில்லை.

தினமும் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும், நோய்நொடி இல்லாத பெரியவர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து ரத்தம் எடுப்பார். குழாயில் அதன் சிவப்பணு எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்ப்பார். உடம்பில் அழற்சி இருந்தால் சீக்கிரம் படியும். இளவட்டங்களைவிட இவர்களுக்குச் சற்றுச் சீக்கிரமே படிந்தது. ரத்தசோகையாக இருக்கும் என்றேன். அதையும் பார்த்தாயிற்று என்று முறைத்தார். "நன்னா இருக்கிற உடம்புலயும் வயசானா அடுப்புக் கங்கு மாதிரி ஏதோ கனிஞ்சிண்டே இருக்கு. ஆனா கிருமி வந்து, குப்புனு பத்திக்க வேண்டிய நேரத்துல பத்தமாட்டேங்கறது."

தி. நகர் ஜவுளிக்கடைப் பெரியவர் ஒருவர், கல்லாவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தவர், திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினார். "ஐயாவுக்கு வயசாயிட்டுல்லா டாக்டரம்மா, உடம்பு சுடவே இல்லையே" என்றார் மகன். விசாலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அந்த மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணினார். மூச்சு ஓட்டமாக ஓடியது. நிமோனியா. "ஜுரம் இல்லேன்னா வியாதி இல்லேன்னு அர்த்தமில்லை. ஜுரம் வரவும் உடம்புல தெம்பு வேணும்" என்றார். பெரியவர் பிழைத்து மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார்.

செய்தி சொல்ல வந்த ரகுவை உட்காரவைத்துக் கேட்டேன். அத்தை சாப்பாடு வேண்டாம் என்றாராம். ஆளை மாற்றிக் கூப்பிட்டாராம். மூச்சு கொஞ்சம் வாங்கியதாம். வேளாவேளைக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்களாம், அதுவும் அவருடைய தெர்மாமீட்டர். சூடு இல்லை என்பதால் யாரையும் கூப்பிடவில்லை. இந்த வயதில் எதற்கு ஊசியும் மருந்தும் என்று விட்டுவிட்டார்களாம்.

வாழ்நாளெல்லாம் எந்தத் தப்பைத் திட்டித் தீர்த்தாரோ, அதைச் சொந்த வீட்டிலேயே அவருக்குச் செய்தார்கள். தெரியாமல் செய்ததைப் பொறுக்கலாம். அதைப் பாக்கியம் என்று கொண்டாடுகிறார்களே, அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எனக்கும் வயதாகிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். அடையாறிலிருந்து திரும்பியதும் மருமகளைக் கூப்பிட்டு, என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். நான் சாப்பாடு வேண்டாம் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காதே, மூச்சை எண்ணு என்றேன்.