ஆறாம் நம்பர் கால்

புதன்கிழமை காலை குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மகளின் பள்ளிக்கூட ஸ்கேலைத் தரையில் வைத்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அவள் தன் காலைத் தானே அளந்தாள். வலது கால் இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி அளந்தாள். அதே நாற்பதுதான். இடது காலாவது கருணை காட்டும் என்று பார்த்தால், அது முப்பத்தொன்பது. "போச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருக்க வேண்டியது இருநூற்று முப்பத்தைந்து. மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனியில் அளப்பார்கள். கூடியிருந்தால் அவள் வேலை அன்றோடு சரி.

ஐந்து மில்லிமீட்டருக்கெல்லாம் ஒருத்தியின் வேலை போகுமா என்று கேட்கத் தோன்றும். அவள் வேலை அப்படிப்பட்டது. ஓடுவதற்கான ஷூக்களை நாலைந்து பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் அங்கே தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மாதிரி ஷூக்கள் செய்து பார்க்கிற அறையின் மாஸ்டர் அளவுப் பலகையோடு வந்து, இருநூறு பெண்களையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். பெண்கள் ஷூவில் ஆறாம் நம்பருக்கு எந்த நீளம், எந்த அகலம், மேல்பாதம் எந்த உயரம் வேண்டுமோ, அத்தனையும் ஒரு பிசகில்லாமல் அவளுக்கு மட்டும் இருந்தது. அதுவும் இரண்டு காலிலும். "நீ இனிமே தைக்க வேணாம்மா. போட்டு நடந்தா போதும்" என்றார் மாஸ்டர். மற்ற பெண்கள் வயிறு எரிந்து அன்றைக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து கம்பெனி முழுக்க அவள் ஆறாம் நம்பர்தான்.

எந்தப் புது ஷூவும் முதலில் ஏறுவது அவள் காலில். ட்ரெட்மில்லில் இருபது நிமிஷம் ஓடிவிட்டு இறங்கி, "சுண்டுவிரல் கத்துது மாஸ்டர்" என்பாள். அல்லது, "குதிகால் உள்ள நிக்கல, ஏறி ஏறி இறங்குது" என்பாள். மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு, எந்த அச்சுக்கட்டையின் மேல் ஷூவை இழுத்துத் தைக்கிறார்களோ அந்தக் கட்டையைச் செதுக்குவார், இல்லை கொஞ்சம் கூட்டுவார். அவள் தலையாட்டிய பிறகுதான் லைனில் பெல்ட்டே ஓடும்.

இதனால் ஷூ விஷயத்தில் அவளுக்குத் திமிர் உண்டு. இருக்காதா பின்னே? எல்லாப் பெட்டியிலும் ஆறு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஒரு பிராண்டின் ஆறு இன்னொரு பிராண்டில் ஐந்தரை. பச்சைப் பெட்டிக்காரர்களுடையதில் நீளம் சரி, விரல்கள் நெருங்கும். வெள்ளைப் பெட்டிக்காரர்களுடையது முன்பக்கம் தாராளம், குதிகால் பிடி கச்சிதம். இது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தெருவில் யாரும் ஷூ வாங்குவதற்கு முன்னால் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். பழைய செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தே, எந்தக் கம்பெனியில் எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவாள். நாத்தனார் ஒரு தடவை அவளைக் கேட்காமல் தள்ளுபடியில் வாங்கிவிட்டுக் கொப்புளத்தோடு வந்தாள். "பட்டாத்தான் புத்தி வரும் உனக்கு" என்று சொல்லிவிட்டு, கொப்புளத்துக்கு மருந்தும் அவளேதான் போட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட கால்தான் இப்போது காலை வாரிவிட்டிருந்தது. நாற்பத்திமூன்று வயதில் பாதத்தின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கினால் நீளம் கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளப்பார்கள். போன தடவையே முப்பத்தேழு. அன்று காலை கால் கொஞ்சம் சுருங்கட்டும் என்று அரைமணி நேரம் குளிர்ந்த வாளித் தண்ணீரில் வைத்திருந்துவிட்டுப் போய், பலகையில் நின்றபோது விரல்களை லேசாக மடக்கிக்கொண்டாள். மாஸ்டர் முப்பத்தைந்து என்று எழுதினார். யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டதாக நினைத்தாள். இப்போது கூடியிருப்பது முழுசாக ஐந்து. மறுபடி தையலுக்குப் போகலாம் என்றால் கண்ணாடி போட்டாலும் ஊசிமுனை தெரியவில்லை. கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஆளைப் பார்க்க முடியாது. வீடு இந்தக் காலை நம்பித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைதானத்திலிருந்து வந்த மகள் ஷூவைப் பால்கனியில் கழற்றிப் போட்டிருந்தாள். சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று அதைத் துடைக்க எடுத்தாள்.

மகளுக்குப் பதினாறு வயது. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுகிறவள். அணித் தேர்வின் முதல் சுற்றில் கடைசி வளைவில் தடுமாறி நாலாவதாக வந்தாள். முதல் மூவரைத்தான் எடுத்தார்கள். இன்னொரு சுற்று அடுத்த வாரம் சனிக்கிழமை. அதை விட்டால் ஒரு வருஷம் போய்விடும். அவளுக்கு அம்மாவின் கால் அப்படியே அச்சாக வந்திருந்தது, இருநூற்று முப்பத்தைந்து. அதனால் கம்பெனியில் மாதிரிக்குச் செய்து முடித்த ஷூக்கள் நேராக அவளுக்கு வந்துவிடும்.

துடைப்பதற்காக உள்ளே கைவிட்டபோது, விரல் பக்கத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. இழுத்தால் பஞ்சு. இறுக்கி உருட்டி வைத்த பஞ்சு.

"இது என்னடி?"

மகள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல?"

"முன்னாடி இடம் இருக்கும்மா. வளைவுல திரும்பறப்ப கால் வழுக்கிட்டுப் போய் முன்னாடி இடிக்குது. அதான்."

"இடம் இருக்கா? இது ஆறு. நான் போட்டு ஓடிப் பாத்து சரின்னு சொன்ன ஆறு. நீ கயிறை ஒழுங்கா கட்டியிருக்க மாட்ட."

பழக்கதோஷத்தில் வாய் பேசிவிட்டது. பேசி முடித்த பிறகுதான் காலையில் பார்த்த ஸ்கேல் ஞாபகம் வந்தது.

"காலைக் காட்டு" என்றாள்.

மகள் சாக்ஸைக் கழற்றினாள். அதற்கு அடியில் இன்னொரு சாக்ஸ். அதையும் கழற்றினாள். பெருவிரல் நகம் இரண்டு காலிலும் கன்றிக் கறுத்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனேம்மா. கயிறை இறுக்கிக் கட்டுன்ன. கட்டினேன். நீ சரின்னு சொன்ன ஷூ. அப்ப என் கால்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும்போல என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வெள்ளைப் பெட்டி ஷூவைப் போட்டு ஓடிவிட்டு, "நீளம் பத்தல, விரல் இடிக்குது" என்று சொன்னவள் அவள்தான். மாஸ்டர் அச்சுக்கட்டையில் நாலு மில்லிமீட்டர் கூட்டினார். ஷூ குட்டையாக இல்லை, கால்தான் நீண்டிருந்தது. மகள் வளைவில் தடுமாறிவிட்டு அழுதுகொண்டு வந்தபோது, "பயந்தா இப்படித்தான்" என்று அவளையே குறை சொன்னோமே என்று நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கட்டையில் முதல் சரக்கு போனது போனதுதான். அடுத்த பெரிய சரக்குக்குப் பிராண்டுக்காரர்கள் நாளைக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்னும் எத்தனை பெண்கள் பஞ்சை அடைத்துக்கொண்டு, தங்கள் காலையே நொந்துகொண்டு ஓடப்போகிறார்களோ.

ஆனாலும் வியாழக்கிழமை விடிந்ததும் அவள் வாளியில் ஐஸைக் கொட்டிக் காலை உள்ளே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பயம் அவ்வளவு லேசில் விடாது. பாதம் மரத்துப்போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு மாதிரி அறையில் வெள்ளைப் பெட்டி பிராண்டிலிருந்து வந்த மேடம் கையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் அதே ஷூ. மாஸ்டர் அளவுப் பலகையைத் தரையில் வைத்தார். ஆறாம் நம்பர்க்காரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். மாஸ்டர் குனிந்து பலகையின் நகர்கட்டையை விரல் பக்கம் தள்ளிக்கொண்டே, மேடத்தின் காதில் விழாமல் சொன்னார்:

"விரலை மடக்கிக்க. போன தடவை மாதிரி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஓட்டிடலாம். மடக்கு."

நல்ல மனுஷர்தான். மகள் பிறந்தநாளுக்கெல்லாம் நினைவு வைத்து ஏதாவது வாங்கித் தருகிறவர். அவர் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்கள் தாமாக மடங்கின. நகர்கட்டை விரல்நுனியில் வந்து தொட்டது. "முப்பத்தஞ்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் பேனாவை எடுத்தார். கன்றிப்போன அந்த இரண்டு நகங்களும் அவள் கண்முன்னாலேயே நின்றன.

விரல்களை நீட்டினாள். நகர்கட்டை சத்தத்தோடு முன்னால் நகர்ந்தது.

"நாப்பது மாஸ்டர். இடது முப்பத்தொன்பது. அதை எழுதுங்க."

மேடம் நிமிர்ந்தாள். மாஸ்டர் நிமிரவே இல்லை.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஷூ சரியாத்தான் மேடம் இருந்துச்சு. என் கால்தான் வளந்துடுச்சு. நான்தான் மறைச்சேன், மாஸ்டர் நான் சொன்னதை நம்பிக் கட்டையைக் கூட்டிட்டார். பழைய கட்டையையே போடச் சொல்லுங்க. கையெழுத்துப் போடாதீங்க."

ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

சரக்கு நின்றது. அவளை அன்றைக்கே மாதிரி அறையிலிருந்து எடுத்து, பெரிய மனசு பண்ணி, பேக்கிங்கில் போட்டார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஷூவின் முன்பக்கத்தில் காகிதத்தைச் சுருட்டி அடைக்கிற வேலை. பழைய தையல்காரிகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வந்து நிற்பதற்கு ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டுப் போனாள். மாஸ்டரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை எதிரே வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அது அவளுக்கு வேலை போனதைவிட வலித்தது.

அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு ஷூக் கடைக்குப் போனாள். கடைக்குள் நுழைந்து ஷூ வாங்கி எத்தனையோ வருஷமாகியிருந்தது. கடைக்காரர் பச்சைப் பெட்டி, வெள்ளைப் பெட்டி, நீலப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து பரப்பினார். மகள் ஒன்றில் காலை நுழைத்துவிட்டு, நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"என் மூஞ்சில என்ன இருக்கு? ஓடப்போறது நீ. உன் காலைக் கேளு."

மகள் கடை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள். இது வேண்டாம் என்றாள். அடுத்தது. அதுவும் வேண்டாம். நாலாவதாக நீலப் பெட்டியில், அரை நம்பர் குறைத்து, ஐந்தரை. அம்மாவுக்கு அந்தப் பிராண்டு கட்டோடு பிடிக்காது. நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். மகள் தெருமுனையில் வேகமாகத் திரும்பினாள், இன்னொரு தடவையும் அதே வேகத்தில் திரும்பி ஓடினாள், சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இதும்மா. கால் அங்கயே நிக்குது."

கடைக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே இவளைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒண்ணு பாக்கலாமேம்மா. நின்னு நின்னு கால் வீங்கியிருக்கு பாருங்க. என்ன நம்பர் போடுவீங்க?"

ஆறு என்று சொல்ல வாயைத் திறந்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலங்க" என்றபடி செருப்பைக் கழற்றினாள். "அளந்து பாருங்க."