பெட்டிக்கு அடியில் போன கடைசித் தாள்

அந்தக் காமிக்ஸின் அட்டையில் இன்னும் திராட்சைக் கறை இருக்கிறது. முகமூடி போட்ட ஒருவன் ஒரு நர்ஸைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேலே பறக்கிறான். அவன் நெஞ்சில் ஊதாவாக இருப்பது என் அக்காவின் கட்டைவிரல். அவள் செத்தபோது இருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன்.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நாங்கள் இருவரும் பழம் அடுக்கப் போவோம். பெட்டிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வந்து கிடக்கும். அதற்குள் வந்ததுதான் இந்தப் புத்தகம், எங்களைவிட மூத்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது வரை போனவள். மத்தியானம் பந்தல் நிழலில் நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவள் கேட்டதைவிட வம்பு பேசியதுதான் அதிகம். "பறக்குறவன் செருப்ப எங்கன விட்டுட்டு வருவான்?" என்பாள். அந்த நர்ஸ் தன்னோடு வேலை பார்க்கிறவனே முகமூடியோடு வந்தால், யாரென்று தெரியாமல் உருகுவாள். அக்காவுக்கு அது பொறுக்காது. "ஒரு துணி கண்ண மறைச்சா ஆளத் தெரியாதாக்கும்? கூறுகெட்டவ. நானா இருந்தா நடையிலயே கண்டுபிடிச்சிருவேன்."

கண்டுபிடிப்பாள்தான். எங்கள் தோட்டத்துக்கு மருந்தடிக்க வருகிறவர் கண் மட்டும் தெரியத் துண்டை முகத்தில் சுற்றியிருப்பார். தூரத்துப் பந்தலில் அவர் திரும்பினாலே அக்கா குலையைத் தப்பான பெட்டியில் வைப்பாள். "உன் முகமூடி வந்துட்டாக" என்றால் "போடி" என்று பழத்தால் எறிவாள்.

வந்து பெண் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறினார். அந்த வாரம்தான் நான் கடைசித் தாளுக்கு வந்தேன். அதில் முகமூடிக்காரன் அந்த நர்ஸிடம், என்னால் உனக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டுப் பறந்தே போய்விடுகிறான். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, வந்தானா?"

"வந்துட்டான். முகமூடியக் கழட்டிட்டான். கல்யாணம்."

படம் பார்க்கக் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அதற்குள் தாளைக் கிழித்துப் பெட்டியில் விரித்து, மேலே குலைகளை அடுக்கிவிட்டேன். தெரியாமல் விரித்துவிட்டேன் என்றேன். "போகட்டும், அதான் கேட்டாச்சுல்ல" என்றாள். சாயங்காலம் லாரி போய்விட்டது.

இரண்டு வருஷம் காத்திருந்தாள். சின்னமனூர் வரனையும் மார்க்கையன்கோட்டை வரனையும் வேண்டாமென்றாள். அம்மா அழும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நமக்குத்தான் முடிவு தெரியுமே என்பதுபோல. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு மஞ்சக்காமாலை வந்தது. பதினோரு நாள்தான்.

கருமாதி முடிந்த மறுவாரம் ஒருவர் வாசலில் பழப்பையோடு நின்றார். "அக்கா எங்கன பாப்பா?" என்றார். மீசையும் வெட்டுத் தழும்புமாக, நான் பார்த்தே இராத முகம். "நீங்க யாரு?" என்றேன். அவர் தோள்துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கீழே பிடித்துக் காட்டினார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கிழித்த தாளைத் தவிர. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் சின்னமனூரில் ஒரு வீட்டில் கொஞ்ச நாளாவது வாழ்ந்திருப்பாள். ஆனால் அவர் வந்துதானே விட்டார். இதில் எதை நினைத்து அழுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது இந்தப் புத்தகம் முடிகிற பக்கத்தில் அந்த நர்ஸ் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து நிற்கிறாள். அவன் வந்தால் ஆளைத் தெரியாது இவளுக்கு என்று எவ்வளவு சிரித்திருப்போம். அவர் முகத்தை மூடாமல் வந்து நின்றார். யாரென்று கேட்டது நான்தான்.