தூணுக்குள் இருந்த உப்பு

ஜேர்மனியில் நான் படிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மதியம் நெருங்கிவிட்டால் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்கள் ‘மால்சைட்’ என்கிறார்கள். அகராதியில் பார்த்தால் ‘சாப்பாட்டு நேரம்’ என்று இருக்கிறது. வந்த புதிதில் ஒரு முதிய பேராசிரியர் அப்படிச் சொன்னபோது, “நன்றி, நான் சாப்பிட்டுவிட்டேன்” என்று பணிவாகப் பதில் சொன்னேன். அவர் நின்று, என் முகத்தை ஒரு கணம் பார்த்து, “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் லிப்டில் ஏறுகிறவர்களும் “சாப்பிட்டாச்சோ?” என்றுதான் கேட்பார்கள். பதில் வருவதற்குள் கதவு மூடிக்கொள்ளும். இரண்டு ஊரிலும் யாருக்கும் அந்தப் பதில் தேவையில்லை. ஆனால் சென்ற வருடம் ஒரு நாள், யாரோ என் அறைக்குள் எட்டிப் பார்த்து ‘மால்சைட்’ என்றபோது என்னால் வாயைத் திறக்கவே முடியவில்லை. கணினித் திரையில் அப்போதுதான் ஆய்வுகூட முடிவுகள் வந்திருந்தன.

என் கலாநிதிப் பட்ட ஆய்வு கடலோர நகரங்களின் கொங்கிரீட் பற்றியது. கடற்காற்றில் வரும் உப்பு கொங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்குகிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஊதிப் பெருத்துச் சுற்றியுள்ள கொங்கிரீட்டைப் பிளக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் வளர்ந்தவள் நான். ஜன்னல் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் கால், அம்மாவின் தையல் இயந்திரம், எல்லாவற்றிலும் துரு. அதை யாரும் பழுது என்று நினைப்பதில்லை. பெயின்ட் அடிப்பார்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு பாலத்தின் கைப்பிடியில் விரலளவு துரு தெரிந்தால் இரண்டு பேர் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு வந்து படம் எடுக்கிறார்கள்.

மாதிரிகள் எடுப்பதற்காகக் கொழும்பில் சில கட்டடங்கள் தேவைப்பட்டன. எங்கள் தொடர்மாடியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். “என்ரை மகள் ஜேர்மனியில இருந்து ஆராய்ச்சிக்கு வாறா” என்று ஒவ்வொரு மாடியாக ஏறிச் சொல்லி அனுமதி வாங்கினார். கட்டடத்தின் பெயர் வெளியே வரக்கூடாது, ஆய்வு வெளியாகும்வரை முடிவுகள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கேட்டது பல்கலைக்கழகம் மட்டுமல்ல, எங்கள் சங்கமும்தான். உங்களில் பலர் கனடாவிலோ லண்டனிலோ உழைத்து வெள்ளவத்தையில் ஒரு வீடு வாங்கியிருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டைப் பற்றி ஊர் கதைக்கக் கூடாது என்று நினைப்பதில் என்ன பிழை? கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தில் சில தூண்களைத் துளைத்துக் கொங்கிரீட் தூளை ஆழம் ஆழமாகச் சேகரித்தேன். துளைக்கும் சத்தத்துக்கு மேல்மாடிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். தூண்களுக்கு அப்போதுதான் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது.

கடலிலிருந்து வரும் உப்பு கொங்கிரீட்டின் வெளிப்பக்கத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். எங்கள் தூண்களில் ஒன்றில் அப்படி இல்லை. தோலிலிருந்து நெஞ்சுவரை ஒரே அளவு உப்பு. அப்படியானால் அது காற்றில் வந்த உப்பு அல்ல. கட்டும்போதே, கழுவாத கடல் மணலோடு உள்ளே போனது. கட்டியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்த தூளை எடுத்து மறுபடி சோதித்தேன். அதே முடிவு. கம்பி எவ்வளவு போயிருக்கும்? தூணை உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாளைக்கு விழும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விழாது என்று சொல்லவும் இல்லை.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். “ஷ்பானெண்ட்!” என்றார். சுவாரசியமானது, விறுவிறுப்பானது என்று பொருள். நல்ல முடிவு எதைப் பார்த்தாலும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் என் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள்” என்றேன். அவர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, ஒப்பந்தம் இருக்கிறது, சட்டப் பிரிவிடம் கேட்கவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். நான் எழும்பும்போது, “நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியவேண்டும்” என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் மேலதிகாரி ஒருவர் இப்படிச் சொன்னால், செய்து பார், பிறகு தெரியும் என்றுதான் அர்த்தம். என் வதிவிட அனுமதி அவர் கையெழுத்திடும் வேலை ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்கள் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்பா வழமைபோல் அழைத்து மழை, மீன் விலை எல்லாம் கதைத்தார். பின்னால் லிப்ட் கதவின் சத்தம் கேட்டது. அவர் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றுதான் கதைக்கிறார் என்பது தெரிந்ததும், வேலை இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள், பல்கலைக்கழகத்தில் என் அறையில் கூட இருக்கும் லேனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். “அது மிரட்டல் இல்லை. அவர் உன்னைத் தடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் இன்னும் வீட்டுக்குச் சொல்லவில்லை?”

அன்றே அப்பாவுக்குச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“உதை வேற ஆருக்கும் சொன்னனியோ?”

“இல்லை அப்பா. முதல்ல உங்களுக்குத்தான்.”

“சொல்லாதை. மேல்மாடி ராஜன் வீட்டை விக்கப் போறார். இந்த மாசம்தான் ஆள் வந்து பாத்திட்டுப் போனது.”

“அப்பா, அந்தத் தூண் எப்பிடி நிக்குதெண்டே எனக்கு விளங்கேல்லை. கொஞ்ச நாளைக்கு எண்டாலும் வெளிக்கிடுங்கோ.”

“யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டம். பிறகு வன்னியில இருந்து வெளிக்கிட்டம். இது ஒண்டுதான் பிள்ளை, ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லாத வீடு. இப்ப நீ சொல்லுறியோ?” என்றார். அந்த வார இறுதியில் விமானம் ஏறினேன்.

கொழும்பில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என்னோடு கொழும்பில் பொறியியல் படித்த நுவன் இப்போது பழுதான கட்டடங்களைத் திருத்தும் வேலை செய்கிறான். அவனைக் கூப்பிட்டிருந்தேன். அப்பாவும் வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் வைத்தார். வாகனத் தரிப்பிடத்திலேயே பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஆறு மாடிகள். நான் இயன்றவரை எளிமையாக விளக்கினேன்.

“தங்கச்சி, இத்தினை வருசமா நிக்கிற கட்டடம்” என்றார் ராஜன் அங்கிள். “சுனாமி வந்த நேரமும் நிண்டது. நீங்கள் ஒரு கைப்பிடி தூளைக் கொண்டுபோய்ப் பாத்திட்டு வந்து விழப்போகுது எண்டு சொல்லுறியள்.”

“விழப்போகுது எண்டு நான் சொல்லேல்லை அங்கிள். திறந்து பாக்கவேணும் எண்டுதான் சொல்லுறன்.”

“திறந்து பாத்தா இந்த ரோட்டு முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு ஆர் வாங்குவினம்? உங்களுக்கென்ன, நீங்கள் அங்கை போயிடுவியள்.”

பலர் தலையாட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்தார். என் பக்கம் திரும்பாமல் எல்லோரையும் பார்த்து, “பிள்ளை இன்னும் படிச்சு முடிக்கேல்லை. முடிவான அறிக்கை வரட்டும். அதுக்குப் பிறகு யோசிப்பம்” என்றார். தேர்வுக்குழுவின் முன்னால் நின்று தோற்றால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

அதுவரை பேசாமல் நின்ற நுவன், “அங்கிள், டிகக் பஸ்ஸட்ட யன்ன” என்று சிங்களத்தில் சொல்லி எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கக் கேட்டான். சிறிய சுத்தியலால் அந்தத் தூணைத் தட்டினான். ஓர் இடத்தில் ‘டொக்’ என்று வெறுமையாக ஒலித்தது. அங்கே கொஞ்சம் பலமாகத் தட்டியதும் கையகலக் கொங்கிரீட் பெயின்டோடு பெயர்ந்து நிலத்தில் விழுந்தது. உள்ளே, பெருவிரல் தடிப்பில் இருந்திருக்கவேண்டிய கம்பி பென்சிலைப்போல் மெலிந்து, அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது. நுவன் அதைத் தொடவில்லை. சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டான்.

அப்போதும் வாக்குவாதம் நிற்கவில்லை என்றால் நம்புவீர்களா? ஒரு தூண்தானே, மற்றவை நன்றாக இருக்கலாமே, வேறொரு பொறியியலாளரைக் கேட்போமே என்று குரல்கள் உயர்ந்தன. அம்மா எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை. லிப்டில் ஏறாமல் படி வழியாக இறங்கி வந்தார். தோளில் ஒரு பை, கையில் சுவாமிப் படம்.

“காஸை மூடிட்டன்” என்றார் அப்பாவிடம். “நான் கொட்டாஞ்சேனைக்கு, தங்கச்சி வீட்டை போறன். நீங்கள் கூட்டம் முடிச்சிட்டு வாங்கோ.”

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவையாவது வீட்டை விட்டு ஓடியவர்கள். அடையாள அட்டை, வீட்டு உறுதிப்பத்திரம், மருந்து, ஒரு மாற்று உடுப்பு என்று அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் வரைந்துகொண்டுவந்த வரைபடம் செய்யாததை அந்தப் பை செய்தது. முதலில் இரண்டாம் மாடி ரீச்சர் எழுந்து, “நானும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று படியேறினார். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே அப்பாவும் ராஜன் அங்கிளும் மட்டும் இருந்தார்கள். அப்பா கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையால் காட்டினார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, “நுவனைக் கேள், முட்டுக் குடுக்கிறதுக்கு எப்ப ஆக்கள் வருவினம் எண்டு” என்றார்.

அடுத்த நாளே ஆட்கள் வந்தார்கள். இரும்பு முட்டுகள் காடுபோல் நிறைந்தன. நான் துளைக்காத தூண்களில் மேலும் மூன்று அதே நிலையில் இருந்தன. சின்னம்மாவின் கொட்டாஞ்சேனை வீட்டில், தேர் வரும் தெருவைப் பார்த்த ஒரே அறையில், நாங்கள் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அப்பா என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். புறப்படும் நாளன்று தானே வந்து முச்சக்கரவண்டி பிடித்துத் தந்து, “சாப்பிட்டிட்டுப் போ” என்றார். அது மன்னிப்பா, வெறும் சொல்லா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மழைக்காலம் கழிந்து, தூண்களுக்குப் புதிய கம்பியும் கொங்கிரீட்டும் சுற்றிக் கட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் போனார்கள். ராஜன் அங்கிளின் விற்பனை முறிந்துபோனது. அம்மாவை லிப்டில் கண்டால் இப்போதும் நிலத்தைப் பார்ப்பாராம். கட்டடம் எது என்று வெளியே தெரிந்துவிட்டதால் அந்த முடிவுகளை ஆய்வில் சேர்க்க முடியாது என்று சட்டப் பிரிவு சொன்னது. இரண்டு வருட உழைப்பில் மிக முக்கியமான அத்தியாயம் போனது. பேராசிரியர் என் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டபோது அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இம்முறை நான் அந்த மௌனத்தைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

அன்று நுவன் தட்டி விழுத்திய துண்டை நான் எடுத்து வந்திருந்தேன். பிராங்பேர்ட்டில் சுங்க அதிகாரி பையைத் திறந்து இது என்ன என்று கேட்டார். கொங்கிரீட் என்றேன். எதற்கு என்றார். எனக்குச் சரியான ஜேர்மன் சொல் வரவில்லை. “என் வீடு” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “ஓ, வீடு கட்டுகிறீர்களா? வாழ்த்துகள்!” என்று பையை மூடித் தந்தார்.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் சில நாட்கள் கம்பியின் தடத்திலிருந்து செம்மண்போலத் தூள் உதிர்ந்தது. ஹீற்றரின் வறண்ட காற்றில் பிறகு அதுவும் நின்றுவிட்டது. போன ஞாயிறு வீடியோவில் அம்மா அதைக் கண்டுவிட்டார்.

“அதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாய்? துரு கொட்டாதோ?”

“இல்லை அம்மா. இஞ்சை காத்தில ஈரமில்லை. இனித் துருப்பிடிக்காது.”

அம்மாவுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. கடற்காற்றில் திரைச்சீலை உள்ளே ஊதி எழுந்து மறுபடி சரிந்தது.

“அப்ப அது அங்கையே கிடக்கட்டும்” என்றார். “நாங்கள் இஞ்சை இருக்கிறம்.”